எதை வெட்டுவது, எதை விடுவது: ஊரில் மரத்தோப்பு வைத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்கு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் மரத்தோப்பு வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி, மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் தேக்கு, மகோகனி, குமிழ் என்று பேச்சு வந்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, அந்த வெற்றிடத்தில் மரக்கன்று வைத்தவர்களும் இதில் உண்டு. அந்தக் கன்றுகள் இப்போது கிளையோடு கிளை முட்டும் பருவத்துக்கு வந்துவிட்டன.

நடும்போது குழி அளவு, எரு, சொட்டுநீர் என்று எல்லாவற்றையும் நாலு பேரிடம் கேட்டுத்தான் செய்தோம். நெருக்கத்தைக் கலைத்துவிட வேண்டிய வயது வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டோம். "வளர்கிற மரத்தில் எதற்குக் கை வைப்பது?" என்று விட்டுவிடுகிறோம். இல்லையென்றால், "பருத்ததாகப் பார்த்து இருபது எடுத்துக்கொள்கிறேன்" என்று வியாபாரி வந்து நின்றதும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். இரண்டுமே தோப்பைக் கெடுக்கும். இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல மரங்கள் வெளியேறினால் கோணலும் நோஞ்சானும் மட்டுமே தோப்பில் மிஞ்சும். பத்து ஆண்டு கழித்து அதை விற்கவும் முடியாது, அதன் விதையை நம்பி அடுத்த தலைமுறைத் தோப்பு போடவும் முடியாது.

தேர்ந்து வெட்டுதல் இதற்கு நேர்மாறான வேலை. நிற்க வேண்டிய மரத்தை முதலில் முடிவு செய்கிறோம். அதன் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பதை மட்டும் எடுக்கிறோம். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்குத்தான்.

நெருக்கம் என்ன செய்கிறது

தேக்கு வெயிலுக்கு ஏங்கும் மரம். பக்கத்து மரம் தலைக்கு மேல் வெயிலை மறைத்தால் உயரத்துக்கு ஓடும், அடிமரம் பருக்காது. கீழ்க்கிளைகள் நிழலில் காய்ந்து உதிரும். இலை குறையக் குறைய, மரம் தனக்கான உணவைச் சமைக்கும் அடுப்பும் சிறுத்துப்போகும். உயிருள்ள கிளைகள் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிட்ட மரம், பிறகு எவ்வளவு இடம் கொடுத்தாலும் பழைய வேகத்துக்கு வருவது கடினம். அந்த நிலை வருவதற்கு முன்பே கலைத்துவிட வேண்டும்.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. நம் ஊரில் உருட்டு மரத்தை அளப்பது சுற்றளவில் கால் பங்கை எடுத்துத்தான். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி வரும். 24 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள தேக்கு 2.5 கன அடி. 36 அங்குலச் சுற்றளவில் அதே நீளம் 5.6 கன அடி. இரண்டு ஒல்லி மரம் சேர்ந்தாலும் ஒரு பருத்த மரத்துக்கு ஈடாகவில்லை. அதோடு ஒல்லி மரத்தில் வெளிப்புற வெள்ளைப் பகுதி அதிகம், நடுவில் இருக்கும் கெட்டியான வைரம் குறைவு. கன அடி விலையும் குறைவாகத்தான் கிடைக்கும். இந்த முறையில் கிடைக்கும் அளவு, உருளையாகக் கணக்கிட்டால் வரும் உண்மையான கன அளவைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். சந்தை வழக்கமே அப்படித்தான் என்றாலும், விலை பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

காற்றையும் மறக்கக் கூடாது. மரத்தின் உயரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 12 மீட்டர் உயரமும் 38 செ.மீ. சுற்றளவும் உள்ள மரத்தின் விட்டம் 12 செ.மீ.; வகுத்தால் 100. அதே உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. என்றால் 75 வரும். 80க்குக் கீழே இருந்தால் மரம் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும். 100ஐ நெருங்கினால் பக்கத்து மரங்களின் தயவில்தான் நிற்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தோப்பை ஒரே ஆண்டில் பாதியாக வெட்டினால் அடுத்த ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் மீதிப் பாதியும் படுத்துவிடும். கஜா அடித்த மாவட்டங்களில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிருந்தே கண்ணைப் பழக்குங்கள்

ஊருக்குப் போய் நிற்கும் சில நாட்களில் திடீரென்று மரத்தை எடைபோடும் கண் வந்துவிடாது. சிங்கப்பூரில் அந்தப் பயிற்சிக்கு இடம் நிறைய இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே ஓரத்துத் தூங்குமூஞ்சி மரங்களைப் பாருங்கள்: இடம் தாராளமாகக் கிடைத்ததால் தலை குடையாக விரிந்து, அடிமரம் குட்டையாகப் பருத்திருக்கிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக் காட்டுப் பாதையில் நடந்து போய் அண்ணாந்து பாருங்கள். எது எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டியிருக்கிறது, எது பக்கவாட்டில் நசுங்கியிருக்கிறது, எது முழுக்க நிழலில் அமுங்கிக் கிடக்கிறது என்று மூன்றாகப் பிரித்துப் பழகுங்கள். நல்ல மரத்தோப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அடிமரம் நேராக நீள இளமையில் கொஞ்சம் நெருக்கம் வேண்டும், பருக்க வயதுக்கேற்ப இடமும் வேண்டும்.

உயரம் அளக்க ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து பிடிக்கும் இடம் வரை உள்ள தூரத்துக்குச் சமமான நீளம் கைக்கு மேலே இருக்கும்படி குச்சியை நிமிர்த்திப் பிடியுங்கள். குச்சியின் நுனியும் மரத்தின் நுனியும், கையின் மேல்விளிம்பும் மரத்தின் அடியும் ஒன்றாகத் தெரியும் வரை பின்னால் நகருங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மரம் வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கிலேயே சரிபார்க்கலாம்: ஒரு மாடி ஏறக்குறைய 2.8 மீட்டர். நாலு மாடி உயரத்தை அளந்து பார்த்தால் கை எவ்வளவு துல்லியம் என்று தெரிந்துவிடும்.

இங்கே பார்ப்பதோடு சரி. காப்புக் காடுகளில் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை, அது உங்கள் சொந்தத் தரை வீட்டு வளாகத்தில் நின்றாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. கையால் வேலை செய்ய ஆசையிருந்தால் கழகத்தின் தொண்டூழியத் திட்டங்களில் சேருங்கள். 2019இல் தொடங்கிய வனச் சீரமைப்புத் திட்டத்தில், மற்ற செடிகளை மூடி வளரும் அந்நியக் கொடிகளையும் செடிகளையும் அகற்றிவிட்டு நாட்டு மரங்களை நடுகிறார்கள். எதற்காக எதை எடுக்கிறோம் என்ற பாடம் அங்கே கையாலேயே கிடைக்கும்.

காகித வேலை

சலிப்பான பகுதிதான், ஆனாலும் மரத்தைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது? கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லாரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அண்ணன் தம்பி உறவு வெட்டிய மரத்தின் பணத்தில் முறிந்துபோன வீடுகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மரங்கள் அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், ஏறியிருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றுவதற்கு என்ன அனுமதி, எந்தச் சான்று வேண்டும் என்பதை உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். வியாபாரி "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னாலும் நீங்களே கேளுங்கள். சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவற்றை வனத்துறையிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். வரப்புக்கு அப்பால் புறம்போக்கில் நிற்கும் மரம் நீங்கள் தண்ணீர் ஊற்றியதாகவே இருந்தாலும் உங்களுடையதல்ல.

உங்களால் போக முடியாவிட்டால் ஊரில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்றளித்து வாங்கிக்கொள்ளுங்கள். மரம் கலைக்கும் வேலைக்கு மட்டும் என்று அதில் தெளிவாக எழுதுங்கள்.

டிசம்பரில் குறியிடுங்கள், தையில் வெட்டுங்கள்

பள்ளி ஆண்டிறுதி விடுமுறை நமக்கு வாய்ப்பாக அமைகிறது. நவம்பர், டிசம்பரில் தேக்கு இலையோடு நிற்கும். எந்தத் தலை எதை நெருக்குகிறது என்பது இலையிருக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தரை ஈரம். அப்போது மரம் இழுத்தால் மண் இறுகிவிடும், நிற்கும் மரங்களின் வேரும் சிதையும். ஆகவே டிசம்பரில் அளந்து குறியிட்டுவிட்டு, பொங்கல் முடிந்து தரை காய்ந்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். அப்போது தேக்கு இலை உதிர்க்கத் தொடங்கியிருக்கும். சாய்க்கும்போது பக்கத்து மரத்தில் சேதம் குறையும். மிஞ்சிய மரங்கள் அடுத்த புயல் பருவத்துக்கு முன்னால் வேர் பிடித்து நிற்க ஒன்பது, பத்து மாதமும் கிடைக்கும்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. தேக்காவில் வாங்கிய தையல் நாடா, 20 மீட்டர் கயிறு, நோட்டு, வெள்ளைப் பெயின்ட், சிவப்புப் பெயின்ட், ஓர் அரிவாள்.

தோப்பின் நடுவில், ஓரத்து மரங்களை விட்டுவிட்டு, 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம் கயிறால் போடுங்கள். இது ஏறக்குறைய ஓர் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் மரங்களை எண்ணிப் பத்தால் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு வந்துவிடும். எட்டடிக்கு எட்டடி நட்டிருந்தால் ஏக்கருக்கு 680, சதுரத்துக்குள் 66 அல்லது 67. செத்தது போக என்ன மிச்சம் என்பதை நோட்டு சொல்லட்டும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் நாடாவைச் சுற்றி அளவெடுங்கள். பிறகு தலை எப்படி, உடல் எப்படி என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். "17. 52 செ.மீ. மேலோங்கியது. நேர்." "18. 55 செ.மீ. மேலோங்கியது. ஒன்பதடியில் கவட்டை." "19. 31 செ.மீ. அமுங்கியது." இப்படிப் போதும்.

வெள்ளைப் பட்டை முதலில்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது; அவசரப்படாதீர்கள். முதலில் சிவப்பு டப்பாவைத் திறக்கவே கூடாது. சதுரத்துக்குள் 15 மரங்களை நிலைமரங்களாக, அதாவது கடைசி வரை நிற்க வேண்டியவையாக, தேர்ந்தெடுத்து வெள்ளைப் பட்டை போடுங்கள். ஏக்கருக்கு 150 என்பது இருபது, இருபத்தைந்து வயதுத் தோப்புக்கு ஏற்ற எண்ணிக்கை. நிலைமரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 17 அடி இருக்கும்படி பரவலாக எடுங்கள். ஒரு மூலையில் எல்லாம் குவிந்துவிட வேண்டாம்.

நிலைமரத்தில் நான் பார்ப்பது இவை: தலை வெயிலில் இருக்க வேண்டும், நாலா பக்கமும் ஒத்து விரிந்திருக்க வேண்டும். முதல் 15 அடி நேராக, கவட்டை இல்லாமல் இருக்க வேண்டும். பட்டையில் பிளவு, ஒழுகல், கரையான் மண்கூடு, அடியில் பொந்து இருக்கக் கூடாது. சுற்றளவை நான் கடைசியில்தான் பார்ப்பேன். நேராக நிற்கும் 48, கோணலாக நிற்கும் 55ஐவிட மேல்.

கலப்புத் தோப்பு என்றால் வேங்கை, மகோகனி, நாவல், இலுப்பை, பூவரசு என்று ஒவ்வொன்றிலும் சிலவற்றுக்கு வெள்ளை கொடுங்கள். பறவை வந்து உட்கார ஒரு பழமரமாவது இருந்தால் புழுவைத் தின்ன ஆள் இருக்கும். தேக்கின் இலையைச் சல்லடையாக்கும் புழு தேக்கு மட்டுமே நிற்கும் தோப்பில் வேகமாகப் பரவும்.

இப்போது சிவப்பு. ஒவ்வொரு வெள்ளை மரத்தின் அடியிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். அதன் தலையைத் தொட்டு நெருக்குவது எது? அதில் மிக மோசமான ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் சிவப்புக் குறுக்குக் கோடு. மேலே சொன்ன நோட்டில் 17க்கு வெள்ளை என்றால் 18தான் சிவப்பு வாங்கும். பருத்த கவட்டை மரம், தலை பெரிது, பக்கத்து மரத்தின் வெயிலை அதுதான் பிடுங்குகிறது. 19ஐ விட்டுவிடுங்கள். அமுங்கிய மரம் நிலைமரத்தோடு போட்டி போடும் நிலையில் இல்லை. அது நிற்பதால் நிலைமரத்தின் அடிமரத்துக்கு நிழல் கிடைக்கிறது. தேக்கின் உடம்பில் திடீரென்று வெயில் பட்டால் பக்கவாட்டில் துளிர் வெடித்து மரத்தில் முடிச்சு விழும்.

ஊரில் பார்ப்பவர்களுக்கு இது பொறுக்காது. நான் குறியிடும்போது கூடவே வந்த அண்ணன் 18ஆம் மரத்தடியில் நின்றுவிட்டார்.

"இவ்வளவு பருத்ததை வெட்டச் சொல்கிறாய், பென்சில் மாதிரி நிற்கிற 19ஐ விடுகிறாயே தம்பி?"

"அண்ணே, 18 பருத்திருக்கிறது, சரி. ஒன்பதடிக்கு மேலே பலகை வருமா?"

அவர் கவட்டையைப் பார்த்தார். "வராது. விறகுதான்."

"அது இன்னும் பத்து வருடம் நின்றாலும் அந்த ஒன்பதடிதான். பக்கத்தில் 17 நேராகப் போகிறது. அதற்கு இடம் விடுவோம்."

அண்ணன் வேறு ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். கூட நின்று பார்த்தவருக்குத்தான் நீங்கள் சிங்கப்பூர் திரும்பிய பிறகு மரத்தைக் காக்கும் உறுதி இருக்கும். ஆகவே குறியிடும் நாளில் ஊரில் பொறுப்பாக இருப்பவரை விடாமல் அழைத்துச் செல்லுங்கள்.

சிவப்பை எண்ணிப் பாருங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 66 மரச் சதுரத்தில் 22. தோப்பு மிகவும் ஒல்லியாக இருந்தால் கால் பங்கோடு நிறுத்தி, மிச்சத்தை இரண்டு ஆண்டு கழித்துச் செய்யுங்கள். காற்று வரும் பக்கத்து ஓரத்து இரண்டு வரிசைகளில் கை வைக்காதீர்கள். அவைதான் உள்ளே இருப்பவற்றுக்கு அரண். காய்ந்து நிற்கும் மரம் ஒன்றிரண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருந்தால் மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் விட்டுவிடலாம். சதுரம் பழகிய பிறகு தோப்பு முழுக்க இதே கண்ணோடு போங்கள். எல்லா மரத்தையும் அளக்க வேண்டியதில்லை.

வியாபாரியிடம் விலை பேசுவது குறியிட்ட பிறகுதான். "சிவப்பு மட்டும். எண் இவ்வளவு. வெள்ளை மரத்தில் காயம் பட்டால் இவ்வளவு பிடித்தம்" என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் கலைப்பில் வருவது பெரும்பாலும் கம்பும் விறகும்தான். அந்தப் பணம் வெட்டுக்கூலியை ஈடுகட்டினாலே எனக்குத் திருப்தி. லாபம் நிற்கிற மரத்தில் இருக்கிறது. பருத்த வெள்ளை மரம் நான்கைச் சேர்த்துக் கொடுத்தால் விலையை உயர்த்துகிறேன் என்று அவர் சொல்வார். அங்கே அசையாதீர்கள்.

வெட்டும் நாள்

இயந்திர ரம்பத்தைப் பழக்கமில்லாத கை தொடக் கூடாது; தேர்ந்த ஆளை வையுங்கள். ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மரத்தில் ஏறிய கொடிகளை முன்கூட்டியே அறுத்துவிடுங்கள். கொடி பிணைத்த மரம் விழும்போது பக்கத்து மரத்தின் கிளையையும் பிடுங்கிக்கொண்டு வரும். சாய வேண்டிய பக்கம் விட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஆழத்துக்கு முக்கோண வாய் எடுக்க வேண்டும். பின்வெட்டு அதைவிடச் சற்று மேலே. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விட வேண்டும். மரம் அந்தப் பட்டையை அச்சாகக் கொண்டுதான் சாயும். முழுக்க அறுத்துவிட்டால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டுபவர் பின்னால் சாய்கோணத்தில் விலகிச் செல்ல வழியைச் சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். பக்கத்து மரத்தில் சாய்ந்து சிக்கிய மரத்தின் அடியில் யாரும் போகக் கூடாது; கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுக்க வேண்டும். மின்கம்பிக்கு அருகே என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

நீங்கள் இங்கே இருக்கும்போது வெட்டு நடந்தால், மரத்தைச் சாய்க்கும் முன் சிவப்புக் குறியையும், சாய்த்த பின் அடிக்கட்டையையும் காணொளி அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். அடிக்கட்டையிலும் சின்னதாக ஒரு சிவப்புக் குறி வைத்திருந்தால் பின்னால் தகராறு வராது.

வெட்டிய பிறகு

கிளையையும் இலையையும் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தை நிறுத்துங்கள். துண்டுதுண்டாக நறுக்கி மரங்களுக்கு நடுவே மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும், உரமாகவும் ஆகும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்க வேண்டாம், கரையான் வரும். கோடையில் தீப்பிடிக்காதபடி தோப்பைச் சுற்றி ஆறடிக்குச் சருகில்லாமல் செதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

தேக்கு அடிக்கட்டை சும்மா இருக்காது. முதல் மழைக்கே துளிர்க்கும். நிலைமரத்துக்கு அருகில் உள்ள கட்டைகளில் துளிரை ஒடித்துக்கொண்டே வர வேண்டும். வெட்டவெளி விழுந்த இடத்தில் மட்டும் ஒரே ஒரு நேரான துளிரை விட்டு வளர்க்கலாம். நிலைமரங்களின் கீழ்க்கிளைகளைக் கழிப்பதற்கும் இதுவே சமயம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் புடைப்பாக ஒரு வளையம் தெரியும். வளையத்தை ஒட்டி, அதைக் காயப்படுத்தாமல் வெட்ட வேண்டும். குச்சி நீட்டிக்கொண்டிருந்தாலும் கெடுதல், அடிமரத்தோடு சீவினாலும் கெடுதல். மரத்தின் கீழ்ப்பாதிக்கு மேலே கழிக்காதீர்கள்.

இடைவெளியில் விழும் வெயில் வீணாக வேண்டியதில்லை. மஞ்சளும் கருணைக்கிழங்கும் அரைநிழலில் வரும். ஆனால் டிராக்டர் விட்டு ஆழ உழுது வேரை அறுக்காதீர்கள். இனத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ற ஆலோசனை வேண்டுமானால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் ஆகிய இரண்டையும் அணுகலாம். மண் பரிசோதனை அறிக்கையையும் சதுர நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்த டிசம்பரில் அதே சதுரத்தில் அதே எண்களை மறுபடி அளந்து பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வெள்ளை மரங்களின் சுற்றளவு, தொடாமல் விட்ட மரங்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் இடம் போதிய அளவு கிடைத்திருக்கிறது. கூடவில்லை என்றால் தண்ணீரோ மண்ணோ புழுவோ காரணமா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகுதான் மறுபடி அரிவாள். வெள்ளை மரங்களின் கிளை நுனிகள் அடுத்த மரத்தைத் திரும்பத் தொடும்போது இரண்டாவது கலைப்புக்கு நேரம் வந்துவிட்டது. பெரும்பாலான தேக்குத் தோப்புகளில் அது நான்கைந்து ஆண்டில் வரும். அப்போதும் வெள்ளை டப்பாவைத்தான் முதலில் திறக்க வேண்டும்.